படத்துக்குள் எழுதும் வரி

"மீனு," என்றார் என் கணவர்.

"இன்னா மீனு?"

"மீனு. தட்டுல கீது."

முதல் படத்துக்கு எனக்குக் கிடைத்த விவரம் இவ்வளவுதான். அவர் ஷிஃப்ட் முடித்து வந்து, குளித்து, டீ குடித்துவிட்டு என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். லேப்டாப் அவர் முன்னால் இருந்தது. அதில் சொருகிய தனிக் கீபோர்டு என் மடியில். எனக்குக் கண் தெரியாது. படத்தைப் பார்த்துச் சொல்வது அவர் பொறுப்பு, அதை எழுதுவது என் பொறுப்பு என்று பேசி வைத்திருந்தோம். பேசி வைத்தபோது சுலபமாகத்தான் இருந்தது.

நான் செய்யும் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்களைப் போன்றவர்கள் போன் திரையில் விரலை நகர்த்தினால் உள்ளேயிருந்து ஒரு குரல், விரல் பட்ட இடத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் படித்துச் சொல்லும். ஸ்க்ரீன் ரீடர் என்பார்கள். எழுதியிருந்தால்தான் படிக்கும். செயலி செய்கிறவர்கள் ஒரு பூதக்கண்ணாடிப் படத்தைப் போட்டு, தேடுவதற்கு இதை அழுத்த வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும் என்று விட்டுவிட்டால், குரல் "பட்டன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பஸ் டிக்கெட் செயலியைச் சோதிக்கக் கொடுத்தார்கள். "பட்டன், பட்டன், படம், பட்டன், பட்டன்" என்று அது சொல்லிக்கொண்டே போனது. டிக்கெட் எடுக்கப் போய்த் தையல் கடைக்குள் நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது.

அந்த ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர் எழுதுவதுதான் என் வேலை. "தேடு." "பின்னால் போ." "டிக்கெட்டை ரத்து செய்." 'சமர்ப்பி' என்று யாராவது எழுதியிருந்தால் 'அனுப்பு' என்று மாற்றிவிடுவேன், சமர்ப்பி என்றால் கோயில் வாசலில் தட்டோடு நிற்கிற மாதிரி இருக்கிறது. 'தவறான உள்ளீடு' என்று ஒரு செயலி திரும்பத் திரும்பச் சொல்லும். எது தவறு, எங்கே தவறு என்று சொல்லாது. அந்த இடத்தில் 'போன் நம்பரில் ஒரு எண் குறைகிறது' என்று எழுதுவேன். எழுதியதைக் குரலில் ஓடவிட்டுக் கேட்பேன். குரல் தடுமாறாமல் போனால், கேட்கிறவருக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரிந்துவிட்டால், அன்றைய சோறு அன்றைக்கு ருசியாக இருக்கும். அப்படி ஒரு திருப்தியான வேலை இது. கும்மிடிப்பூண்டியில் ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கும் எங்கள் வாடகை வீட்டின் முன்னறையில் இருந்தே செய்கிறேன். கம்பெனி சென்னையில் இருக்கிறது. மேலாளர் போனில் இருப்பார்.

எனக்குப் பார்வை பள்ளிக்கூட நாட்களில் போனது. முதலில் சாயங்காலங்கள் மங்கின, பிறகு பகலும். பிளஸ் டூ முடிக்கும்போது வெளிச்சம் எது, இருட்டு எது என்பது மட்டும் மிச்சம் இருந்தது. அதனால் நிறங்கள் எனக்குத் தெரியும். கடலும் ஏரியும் வேறு வேறு நிறம் என்பது தெரியும். பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்தில் பிறந்தவள் நான். அப்பா ஏரியில் வலை போட்டார். அம்மா மீன் விற்றாள், இப்போதும் விற்கிறாள்.

கணவரோ பள்ளிப்பட்டுப் பக்கம். அவருடைய நைனா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். இவர் ஐ.டி.ஐ. முடித்து இங்கே ஒரு ரோலிங் மில்லில் சேர்ந்துவிட்டார். நான் சென்னைக்குக் கம்ப்யூட்டர் பயிற்சிக்குப் போய்வந்த காலத்தில், ஓடும் அவசரத்தில் ரயிலில் மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் ஏறிவிட்டு எல்லோரிடமும் திட்டு வாங்கிய ஆள் அவர். பாவமாக இருந்ததால் நான் பேச்சுக் கொடுத்தேன். இரண்டு வீட்டிலும் கொஞ்சம் முனகல் இருந்தது. பிறகு எல்லோரும் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டார்கள்.

போன வருஷம் வந்த ஒரு வேலையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பழவேற்காட்டுப் பகுதிப் பெண்கள் குழு ஒன்று மீன், இறால், நண்டு, கருவாடு, ஊறுகாய் எல்லாம் விற்கச் செயலி ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. மேலாளர் போன் செய்தார்.

"இதுல முழுக்கப் படம்தாங்க. பட்டனுக்கெல்லாம் நீங்க எழுதிடுங்க. படத்துக்கான விவரத்தை மட்டும் வேற ஒருத்தர்கிட்ட குடுத்துடறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

படத்துக்கான விவரம் என்பது படத்துக்குள் மறைவாக எழுதி வைக்கும் ஒரு வரி. பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. படத்தின் மேல் விரல் வரும்போது குரல் அதைப் படிக்கும். கண் தெரியாதவள் படத்தைப் பற்றி எப்படி எழுதுவாள் என்று அவர் நினைத்ததில் தப்பாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனாலும் எங்கள் ஏரி மீனைப் பற்றி வேறு யாரோ எழுதுவதா என்று இருந்தது.

"மேடம், அந்த மீன நான் கண்ணால பாத்தும் இருக்கேன், கையால ஆஞ்சும் இருக்கேன். படத்தைப் பாத்துச் சொல்ல ஒரு ஆளு வேணும், அவ்ளோதான். ஆளு ஊட்லயே கீறாரு."

மேலாளர் சிரித்துவிட்டார். "சரி, முதல்ல கொஞ்சம் படத்துக்கு எழுதி அனுப்புங்க. பாக்கலாம்" என்றார்.

இந்தக் காலத்தில் போனே படத்தைப் பார்த்து விவரம் சொல்கிறதே என்று கேட்கலாம். அதையும் முயன்று பார்த்தேன். காய வைத்த கருவாட்டை 'மேசை மேல் கரண்டிகள்' என்றது. சுருட்டி வைத்த வலையைப் 'பச்சைக் கம்பளி' என்றது. அதை நம்பி மீன் விற்க முடியாது.

ஆக, அந்த முதல் சாயங்காலம். மீனுக்குப் பிறகு அடுத்த படத்துக்குப் போனோம்.

"ஒரு அம்மா உக்காந்துகினு கீறாங்க. அவ்ளோதான்."

"எப்டி உக்காந்துகினு கீறாங்க?"

"உக்கார்ற மாதிரிதான்."

"தரையிலயா, ஸ்டூல்லயா?"

"தரையில. இல்ல இல்ல, பலகை மேல."

"கையில இன்னா கீது?"

"ஒண்ணும் இல்ல. கத்தி கீது."

"கத்தி கீதுன்னா எப்டிங்க ஒண்ணும் இல்ல?"

"மீன் வெட்றவங்க கையில கத்தி இல்லாம பூவா இருக்கும்? இதெல்லாமா வாயத் தொறந்து சொல்வாங்க?"

நான் கொஞ்சம் குரலை உயர்த்தினேன். அவர் அதைவிடக் கொஞ்சம் உயர்த்தினார். "பேஜாரா கீது எனக்கு. காலையில இருந்து வாக்கி-டாக்கில கத்திட்டு வரேன். இங்க வந்தும் கத்தணுமா?" என்று எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். கம்பெனி பஸ் ஒன்று தெருமுனையில் ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. நான் டீத் தம்ளர்களைக் கழுவி வைத்தேன். கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் அவர் சொன்னது காதில் திரும்ப ஓடியது.

அவர் மில்லில் செய்வது கிரேனுக்கு வழி சொல்லும் வேலை. கம்பிக் கட்டுகளைக் கிரேன் தூக்கும். ஓட்டுபவர் உயரத்தில் ஒரு கூண்டுக்குள் இருப்பார். கீழே நின்று கையைக் காட்டியோ வாக்கி-டாக்கியில் பேசியோ இவர் வழி சொல்வார். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் என்ன சொல்வார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

வாசலுக்குப் போய்க் கேட்டேன். "மேல இருக்குறவருகிட்ட வாக்கி-டாக்கில இன்னா சொல்வீங்க?"

"இன்னா சொல்வேன்... லோடு எங்க கீது, எந்தப் பக்கம் போவணும், எவ்ளோ இறக்கணும், கீழ ஆளு கீறானா இல்லியா. அவரு மேல இருந்து பாத்தா கட்டுக்கு அடியில இன்னா கீதுன்னு தெரியாது."

"கட்டு இன்னா கலருன்னு சொல்வீங்களா?"

"அது எதுக்கு அவருக்கு?"

"அதேதாங்க இதுவும். மீன் வாங்க வந்தவங்களுக்கு அந்தப் படத்துல எது தெரியணுமோ அத சொல்லுங்க. வாங்க வந்தவங்க மேல கிரேன் கூண்டுல உக்காந்துகினு கீறாங்கன்னு நெனைச்சுக்குங்க."

அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். மறுபடி முதல் படத்தைத் திறக்கும் சத்தம் கேட்டது. குரல் மாறியிருந்தது. மில்லில் இந்தக் குரலில்தான் பேசுவார் போலிருக்கிறது.

"மீனு ஒண்ணு. எவர்சில்வர் தட்டுல குறுக்க வச்சிகீறாங்க. நம்ம சோத்துத் தட்டு அளவு. தலையும் வாலும் ரெண்டு பக்கமும் தட்டுக்கு வெளிய நீட்டிகினு கீது. முழு மீனு, வெட்டல. செதிலு அப்டியே கீது."

"தலை கூரா கீதா, தட்டையா?"

"தட்டை. மேல இருந்து சம்மட்டியால ஒரு தட்டு தட்டுன மாதிரி."

"மடவை!" என்றேன். அந்தத் தலை என் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. எத்தனை மடவையின் தலையைப் பிடித்துக்கொண்டு செதில் தேய்த்திருக்கிறேன். எழுதினேன்: 'முழு மடவை மீன் ஒன்று, செதில் எடுக்காதது. சோற்றுத் தட்டை விட நீளம்.' குரலில் ஓடவிட்டேன். அவரும் கேட்டார். கேட்டுவிட்டு, "இத நானா சொன்னேன்?" என்றார்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் இந்த வேலை நடந்தது. பள்ளிப்பட்டுப் பக்கம் ஏரிக் கெண்டையும் விராலும் தெரியும். கடல் மீன் என்றால் அங்கே கருவாடுதான். ஆகவே அவருக்குப் பெயர் தெரியாது. பெயர் தெரியாததால் பார்த்ததைச் சொன்னார். என்னால் பார்க்க முடியாது, ஆனால் சொன்னதை வைத்துப் பெயர் தெரியும். "விரல் நீளம், பென்சில் மாதிரி ஒல்லி, வாயி மட்டும் கூரு" என்றால் கிழங்கான். "நண்டு, காலு எல்லாம் நீலம், ஓட்டுல வெள்ளைப் பொட்டு பொட்டா" என்றால் ஆண் நண்டு. நண்டின் நீலத்தை அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்டி ஒரு கலரு நண்டுக்கு எதுக்கு?" என்று கேட்டார். அந்த நீலம் எனக்கும் ஞாபகம் இருந்தது என்பது சந்தோஷமாக இருந்தது.

ஒரு படத்தின் கீழே 'மடவை' என்று குழுவினரே பெயர் போட்டிருந்தார்கள். பெயரை என் குரல் படித்தது. அவர் படத்தைச் சொன்னார்.

"பெரிய மீனு. தலை கூரா இறங்குது. வாயி பெருசு, கீழ்த்தாடை முன்னாடி நீட்டிகினு கீது. வாலு விசிறி மாதிரி உருண்டு கீது."

"வாலு நடுவுல பிளந்து இல்லியா?"

"இல்ல. சொல்றேன்ல, விசிறி."

"நல்லா பாருங்க."

"நல்லாதான் பாத்தேன். நீ வேணா வந்து பாரு" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

அது மடவை இல்லை, கொடுவா. மடவைக்கு வால் லேசாகப் பிளந்திருக்கும், தலை தட்டையாக இருக்கும். மேலாளருக்கு எழுதி அனுப்பினேன். எழுதும்போது கொஞ்சம் தயக்கமும் இருந்தது. படத்தையே பார்க்காத நான், படம் எடுத்தவர்களிடம் போய் மீன் மாறிவிட்டது என்று சொல்கிறேனே. மறுநாள் காலையில் போன் வந்தது.

"கொடுவாதானாம். படம் ஏத்தும்போது மாறிப் போச்சாம், சிரிச்சாங்க. எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"வால வச்சுத்தான், மேடம்."

"மிச்சப் படத்தையும் நீங்களே எழுதிடுங்க" என்றார்.

சாயங்காலம் கணவர் வந்ததும் சொன்னேன். செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு போய்ச் சூடாக வெங்காயப் பக்கோடா வாங்கி வந்தார். மில்லிலும் சொல்லியிருக்கிறார். 'மீன் டாக்டர்' என்று கொஞ்ச நாள் அவரைக் கூப்பிட்டார்களாம். அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை.

கடைசியில் 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்துக்கு வந்தோம். குழுவில் வேலை செய்யும் பெண்களின் படங்கள். இரண்டு மூன்று படங்கள் சரளமாகப் போயின. அடுத்ததைத் திறந்தவர் பேசவில்லை.

"இன்னாங்க? கரண்ட் போச்சா?"

"இல்ல. இரு." நாற்காலி முன்னால் நகர்ந்தது. "இதுல உங்கம்மா கீறாங்க."

அம்மா அந்தக் குழுவுக்கு இறால் உரித்துக் கொடுக்கப் போகிறாள் என்பது தெரியும். படம் எடுத்தார்கள் என்று சொல்லவே இல்லை.

"சொல்லுங்க" என்றேன்.

"கீழ உக்காந்து இறால் உரிச்சுகினு கீறாங்க. முன்னாடி அன்னக்கூடை, அது நெறைய இறாலு. பக்கத்துல இன்னொரு அம்மா. உங்கம்மா கண்ணாடி போட்டுகினு கீறாங்க. ஊதாப் பொடவை. முன்னாடி முடி முழுக்க வெள்ளை, பின்னாடி கொண்டையில மட்டும் கொஞ்சம் கறுப்பு."

"முழுக்க வெள்ளையா?"

"ஆமா. உனக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. கண்ணாடி தெரியும்; கட்டிப் பிடிக்கும்போது கன்னத்தில் இடிக்கும். குரல் கரகரத்துப் போனது தெரியும். உள்ளங்கை சொரசொரப்பு தெரியும். முடியின் நிறத்தை யாரும் என்னிடம் சொன்னதில்லை. அவர் மாதம் ஒரு தடவையாவது அம்மாவைப் பார்க்கிறார். ஆனால் தினம் கொஞ்சமாக நரைப்பதை யார் செய்தியாகச் சொல்லப்போகிறார்கள்? எனக்குள் இருந்த அம்மா, நான் கடைசியாகப் பார்த்த அம்மாவாகவே இருந்தாள். எண்ணெய் தேய்த்து இறுக்கி முடிந்த கறுத்த கொண்டை.

வருத்தமாக இருந்தது என்று சொல்ல முடியாது. அம்மாவுக்கு வயதாகியிருக்கும் என்பது தெரியாதா என்ன. என்றாலும் அந்தச் சாயங்காலத்தில்தான் அவளுக்கு வயதானது. மனசுக்குள் அந்த முகத்துக்கு வெள்ளை முடியை வைத்துப் பார்த்தேன். முதலில் பொருந்தவில்லை, வேறு யாரோ போல இருந்தாள். நெற்றியில் வைத்தேன், காதோரம் வைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அம்மா ஆனாள்.

"சிரிக்குறாளா?" என்று கேட்டேன்.

"சிரிக்குறாங்க. பல்லு தெரியுது. பக்கத்துல இருக்குற அம்மா ஏதோ சொல்லிகீறாங்க போல. கேமராவப் பாக்கல, அவங்களப் பாத்துதான் சிரிக்குறாங்க."

அவர் அதோடு நிறுத்தவில்லை. நான் கேட்காமலேயே அம்மாவின் மூக்குத்தியைச் சொன்னார், விரலில் ஒட்டியிருந்த இறால் ஓட்டைச் சொன்னார், புடவை முந்தானையை இடுப்பில் சொருகியிருந்த விதத்தைச் சொன்னார். அன்றைக்கு நான் எதுவும் எழுதவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போனோம். பொன்னேரி வரைக்கும் ரயில், அங்கிருந்து பழவேற்காட்டுக்கு பஸ். போனதும் முதல் வேலையாக அம்மாவின் தலையைத் தடவினேன்.

"இன்னாடி, பேன் பாக்குறியா?"

"முடி வெள்ளையாயிடுச்சாமே."

"யாரு சொன்னா? மாப்ளயா?" அம்மா கொஞ்சம் வெட்கப்பட்டது குரலில் தெரிந்தது. "அது ஆயி எத்தினியோ வருசம் ஆவுது. நீ கேக்கவே இல்லியே."

"நீ சொல்லவும் இல்லியே."

"இதெல்லாம் ஒரு சேதின்னு போன் போட்டுச் சொல்லுவாங்களா?" என்றாள் அம்மா.

படத்தைப் பற்றிக் கேட்டேன். ஒரு பெண் வந்து எடுத்தாளாம், சிரி சிரி என்றாளாம், சிரிப்பு வரவில்லையாம். அப்போது பக்கத்து வீட்டு அக்கா அந்தப் பெண்ணைப் போலவே பேசிக் காட்டியதில் அம்மா சிரித்துவிட்டாளாம். அந்தப் படத்துக்குள் நான் ஒரு வரி எழுதப்போகிறேன் என்று விளக்கினேன். அம்மா உடனே, "அழகா கீறான்னு எழுது" என்றாள்.

"அப்டி எழுதக் கூடாதும்மா. படத்துல இருக்கறத மட்டும்தான் எழுதணும்."

"அப்போ நான் அழகா இல்லன்றியா?"

என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். மாமியார் முன்னால் அவர் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அம்மா நண்டுக் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும், பெயர் தெரியாமல் நிறுத்தி வைத்திருந்த கருவாட்டுப் படங்களை அவர் போனில் திறந்தார். அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்து, வீட்டில் இருந்த கருவாட்டிலிருந்து அதே வகையை எடுத்து என் கையில் வைத்தாள். இது காரப்பொடி மீன், இது நெத்திலி. மூன்று பேரும் ஒரு பாயில் உட்கார்ந்து வேலையை முடித்தோம். ஊர் திரும்பும் பஸ்ஸில் எங்கள் கை இரண்டு சோப்புக்குப் பிறகும் மணந்தது.

அம்மாவின் படத்துக்கு என்ன எழுதுவது என்று யோசித்தேன். கிரேன் கணக்குப்படி பார்த்தால் இறால் வாங்குபவருக்கு நரைத்த முடி தேவையில்லை. ஆனால் அந்தப் பக்கம் இறாலைப் பற்றியது இல்லை, இறாலை உரிப்பவர்களைப் பற்றியது. பார்க்கிறவர்கள் எல்லோரும் அந்த வெள்ளை முடியைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். கேட்கிறவர்களுக்கு மட்டும் ஏன் கறுப்பு? எழுதினேன்: 'கண்ணாடி அணிந்த, தலை நரைத்த ஒரு பெண் சிரித்துக்கொண்டே இறால் உரிக்கிறார். முன்னால் அன்னக்கூடை நிறைய இறால்.' கணவரிடம் படித்துக் காட்டினேன். "சரியா கீது" என்றார்.

செயலி வெளிவந்தது. படம் இருக்கிற வேலை வந்தால் இனி உங்கள் இரண்டு பேருக்கும்தான் என்று மேலாளர் சொல்லிவிட்டார். அடுத்து ஒரு ஜவுளிக் கடை வந்தது. அதில் மாம்பழ மஞ்சளுக்கும் எலுமிச்சை மஞ்சளுக்கும் நாங்கள் போட்ட சண்டை தனிக்கதை. இதற்கிடையில் அவருக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. முன்பெல்லாம் ஒரு கல்யாணத்துக்குப் போனால் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்து வருவார். இப்போது மேடையில் மாப்பிள்ளை வேஷ்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பதிலிருந்து ஐஸ்கிரீம் வரிசையில் யார் இடித்துக்கொண்டு நுழைகிறார் என்பது வரைக்கும் காதுக்குள் சொல்லிக்கொண்டே வருகிறார். சில சமயம் "கொஞ்சம் சும்மா இருங்களேன்" என்று நானே சொல்ல வேண்டியிருக்கிறது. சும்மா இருப்பார். கொஞ்ச நேரத்தில், "அங்க பாரு" என்று மறுபடி தொடங்குவார்.

பொங்கலுக்குப் போனபோது அம்மா என் போன் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், அதுவும் பெரிய எழுத்தாக இருந்தால்.

"என் போனு ஏன் பேச மாட்டேங்குது?" என்று கேட்டாள்.

"பேசும்மா. பேச வச்சா பேசும்."

பேச வைத்துக் கொடுத்தேன். இனிமேல் எதைத் திறப்பதாக இருந்தாலும் இரண்டு தடவை தட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாளே பக்கத்து வீட்டு அக்கா போனிலிருந்து அம்மா கூப்பிட்டாள். தன் போனில் வரும் அழைப்பை எடுக்கவே முடியவில்லை, சனியனை நிறுத்து என்றாள். நான் இங்கிருந்தே பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தேன். கணவர் என்னிடமிருந்து போனை வாங்கி, "அத்த, விரல லேசா வையுங்க, கதவத் தட்டுற மாதிரி ரெண்டு தட்டு" என்றார். அதற்குப் பிறகு ஒரு வாரம் புகாரில்லை. அடுத்த வாரம் அம்மாவே தன் போனிலிருந்து கூப்பிட்டாள்.

"ஆப்பத் தொறந்துட்டேன்டி. மீனு பேரெல்லாம் சொல்லுது. வெலை சொல்லுது. நான் அங்க எவ்ளோக்குக் குடுக்குறேன், இவங்க எவ்ளோக்கு விக்குறாங்கன்னு இப்போ எனக்கே தெரியுது."

"நல்லதுதானேம்மா."

"என் படத்தையும் தொட்டேன்" என்றாள். "தலை நரைச்ச பொம்பளன்னு சொல்லுது."

"கோவமா?"

"கோவம் இன்னா கோவம். நரைச்சுதானே கீது. நீ எழுதினதுன்னு நாலஞ்சு வாட்டி தொட்டுத் தொட்டுக் கேட்டேன்." அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா ஒண்ணு. பக்கத்து ஊட்டு அக்காவுக்கும் போட்டுக் காட்டுனேன். அவ மூஞ்சிய தூக்கி வச்சிகினு போயிட்டா. நானும்தானே அந்தப் படத்துல கீறேன், நான்தானே உன்ன சிரிக்க வச்சேன், உம் பொண்ணு என்ன வுட்டுட்டு எழுதிகீறான்னு கேக்குறா."

நியாயமான கேள்வி. படத்தைத் திறந்த அன்றைக்கே என் கணவர் அந்த இன்னொரு அம்மாவைச் சொன்னார். அம்மாவின் முடியிலேயே நான் நின்றுவிட்டேன். மேலாளரிடம் ஒரு வரி திருத்த வேண்டும் என்று அனுமதி வாங்கிக்கொண்டு மாற்றி எழுதினேன். 'இரண்டு பெண்கள் அன்னக்கூடையை நடுவில் வைத்துக்கொண்டு இறால் உரிக்கிறார்கள். ஒருவர் ஏதோ சொல்ல, கண்ணாடி அணிந்த, தலை நரைத்த மற்றவர் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்.'

இரண்டு நாள் கழித்து அந்த அக்காவே பேசினார். கேட்டாராம், நன்றாக இருக்கிறதாம். இந்தத் தடவை வரும்போது உனக்கு நெத்திலி எடுத்து வைக்கிறேன் என்றார். போனை வைக்கும் முன், "ஏம்மா, எனக்கு முடி இன்னும் கறுப்புதான், அத எழுதலியே?" என்று கேட்டார்.